பெரிய பிள்ளை சின்னவர்களை அடிக்கும்போது: அரசின் உதவியைக் கேட்டுப் பெறுவது எப்படி?

பதினைந்து வயதுப் பிள்ளை தம்பியின் கழுத்தை நெரிக்கிறான், தங்கையைச் சுவரில் மோதித் தள்ளுகிறான் என்றால், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பொறுத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஆனாலும் பெற்றோர் வாய் திறப்பதில்லை. வெளியே சொன்னால் பிள்ளையைப் போலீஸ் கொண்டுபோய்விடும் என்ற பயம். இந்தியச் சட்டம் அப்படி இல்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு மனநலச் சேவையைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையையும், நோயுற்றவரின் குடும்பத்துக்கான உதவியையும் அது தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

முதலில் 14416ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவை இது. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். "ரொம்பக் கோபக்காரன்" என்று மட்டும் சொன்னால் ஆலோசகருக்கு எதுவும் பிடிபடாது. "செல்போனை வாங்கி வைத்தால் தங்கையை அடிக்கிறான், போன வாரம் கத்தரிக்கோலைத் தூக்கினான், விடியும்வரை தூங்குவதில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறான்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவனை யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டால், அடிப்பது நீங்களாகவே இருந்தாலும் மறைக்காதீர்கள். சிகிச்சைக்கு அந்தப் பதில் மிக முக்கியம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்புத் தருவார்கள்.

நேரில் காட்ட, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அடிபட்ட சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போய், தனியாகப் பேச வைக்கும்படி கேளுங்கள். பெரியவனைக் குணப்படுத்தும் அவசரத்தில் இவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரவில் படுக்கையை நனைப்பது, அண்ணன் வரும் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்வது போன்றவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காவல்துறை வரை போனாலும், 18 வயது நிறையாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். விசாரிப்பது, சிறுவர்களின் வழக்குகளுக்கென்றே உள்ள இளைஞர் நீதிக் குழுமம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை வழங்க அது உத்தரவிடலாம். பிள்ளையின் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

நடந்தது பாலியல் தொல்லை என்றால் வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. செய்தவரும் சிறுவர்தான் என்றாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 வழிகாட்டும். பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே உடனடி சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். புகார் கொடுத்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை சின்னவர்களை அவனுடன் தனியே விடாதீர்கள், ஒரே அறையில் படுக்க வைக்காதீர்கள். கத்தி, கத்தரிக்கோல், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அந்த நொடியிலேயே உயிருக்கு ஆபத்து என்றால் 112.