ஜெரன்டாலஜி என்றால் முதியோர் மருத்துவமா?

ஜெரன்டாலஜி என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் நம்மில் பலர் 'முதியோர் மருத்துவம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அது தவறு. முதியோர் மருத்துவம் என்பது ஜெரியாட்ரிக்ஸ், ஜெரன்டாலஜி என்பது வயதாவதைப் பற்றிய துறை. இரண்டும் அக்கா தங்கைதான், ஆனால் ஆள் வேறு.

மூத்தது ஜெரன்டாலஜி. 1903இல் இந்தச் சொல்லை உருவாக்கியவர் இலியா மெச்னிகோவ், ரஷ்யாவிலிருந்து வந்து பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு வாங்கினார். மனிதன் ஏன் கிழவனாகிறான் என்ற கேள்விக்கு அவர் விடை தேடிய இடம் குடல்! அங்கே இருக்கும் கெட்ட நுண்ணுயிர்களின் நஞ்சுதான் மூப்புக்குக் காரணம், புளித்த பால் குடித்தால் அதைத் தள்ளிப்போடலாம் என்று நம்பினார், தானும் குடித்துவந்தார். நம் ஊர் மோர்க்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

ஜெரன்டாலஜிக்கு வேர் கிரேக்கம், அங்கே 'கெரோன்' என்றால் வயதான ஆண். வெறும் கிழவர் என்ற பொருளோடு நிற்காது, மதிப்பும் அதிகாரமும் அதில் சேர்ந்தே இருக்கும். பழைய ஸ்பார்ட்டாவில் 60 வயது தாண்டிய 28 பேரும் இரண்டு அரசர்களும் சேர்ந்த அவைக்கு 'கெரூசியா' என்றுதான் பெயர். நமக்கும் இது புதிதல்ல, இருளர் ஊர்த் தலைவரை மூப்பன் என்பார்கள், தமிழ் பைபிளில் சபைப் பெரியவர்கள் மூப்பர்கள்.

ஜெரியாட்ரிக்ஸ் அதற்குப் பிறகு, 1909இல் வந்தது. நியூயார்க் மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர் குழந்தை மருத்துவத்துக்கு பீடியாட்ரிக்ஸ் என்று ஒரு பெயர் இருப்பதைப் பார்த்து, அதே அச்சில் வார்த்தது. 'கெராஸ்' முதுமை, 'இயாட்ரிகோஸ்' மருத்துவம் சார்ந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று தொடங்கிய புறநோயாளர் பிரிவு இந்த வகை.

சரி, அப்படியானால் ஜெரன்டாலஜி எதைப் பார்க்கிறது? வயதாவதை, முழுசாக. உடம்பு, மனசு, வருமானம், யாரோடு இருக்கிறார், யார் வந்து பார்க்கிறார், எல்லாமே அதில் அடக்கம். இந்தியாவில் வயதாவதைப் பற்றி 2017-18இல் நடந்த 'லாசி' (LASI) என்ற ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 72,000 பேரிடம் போய், கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கைப்பிடி வலுவை அளந்தார்கள், கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லி வேகம் பார்த்தார்கள், பத்துச் சொற்களை வாசித்துக் காட்டிச் சற்று நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். அதே ஆளிடம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், கூட யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். அதுவும் 60இலிருந்து அல்ல, 45 வயதிலிருந்தே. முதியோராக ஆன பிறகு பார்ப்பது மருத்துவம், ஆகிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பது இது.

உறவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதிகம் பேசப்படுவது அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 148 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று வந்தது. இதை எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, கூட்டுக் குடும்பம்தான் நல்லது' என்று கிளம்பிவிடுவார்கள் சிலர். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தனியாக இருக்கிறாரா, கூட ஆள் இருக்கிறதா என்பதை மட்டும் அளந்தவற்றில் வித்தியாசம் சின்னதுதான். குடும்பம், நட்பு, அக்கம்பக்கம், ஊர்க் காரியங்கள் என்று பலவகைத் தொடர்பையும் சேர்த்து அளந்தவற்றில்தான் அது பெரிதாகத் தெரிந்தது. ஒரே கூரைக்குக் கீழே மகன் இருந்தும் நாள் முழுக்கப் பேச்சுத் துணை இல்லாத பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா என்ன?

இப்போது தமிழுக்கு வருவோம். 'மூ' என்ற வினையிலிருந்து மூத்தல், மூப்பு, மூத்தோர், மூதாட்டி. 'முது' என்பதிலிருந்து முதுமை, முதியவர், முதுமொழி. 'மூதாளர்' என்று இன்னொரு அழகான சொல் புறநானூறு 243இல் இருக்கிறது, பூண் பிடித்த தடியை ஊன்றிக்கொண்டு நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் பேசுகிற 'பெரு மூதாளர்' என்று ஒரு கிழவர் தன்னைப் பற்றியே சொல்கிறார்.

ஜெரன்டாலஜிக்கு முதுமையியல் என்றும் மூப்பியல் என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே சரி, என் ஓட்டு முதுமையியலுக்கு. மூப்பு என்றதும் பலருக்கு நரை, திரை, தளர்ச்சி மட்டுமே மனதில் வரும். 'முதியோரியல்' மட்டும் வேண்டாம், அது ஆட்களைக் குறிக்கிறது, இந்தத் துறைக்கு வேண்டியது ஆட்கள் அல்ல, அந்த நிலை. அந்த வகையில் முதுமையியல் கிரேக்க மூலத்தைவிடப் பொருத்தம் என்பேன், அங்கே அடிச்சொல்லே ஒரு கிழவர்தானே, கிழவியைக் காணோம்.

ஜெரியாட்ரிக்ஸுக்கு முதியோர் மருத்துவம் அல்லது முதியோர் நல மருத்துவம். சென்னை கிண்டியில் 2024இல் திறந்த நிறுவனத்துக்குத் தேசிய முதியோர் நல மருத்துவமனை என்று பெயர் வைத்தது இந்தக் கணக்கில்தான், அங்கே நடப்பது சிகிச்சை. அப்புறம் ஆட்களுக்கு: ஆய்வு செய்பவர் முதுமையியலர், மருந்து எழுதித் தருபவர் முதியோர் நல மருத்துவர்.