பரிசலைக் கவிழ்க்கும் புரதம்

ரத்தக் கொழுப்பைச் சொல்லும் லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராக எல்டிஎல், அதாவது ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ வரிக்குத்தான் போகும். 160 என்று இருந்துவிட்டால் அன்றைக்கே வீட்டில் முட்டை மஞ்சள்கருவுக்குத் தடை. அமெரிக்காவின் டாலஸில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஒரு பெண்ணுக்கு அது வெறும் 14. அச்சுப்பிழை இல்லை, பதினான்கேதான். வயது 32, ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுப்பவர், உடம்பில் ஒரு குறையும் இல்லை.

இந்தக் கதையின் நாயகி ஹெலன் ஹாப்ஸ், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் வேலை செய்யும் மருத்துவ ஆய்வாளர். கொலஸ்ட்ரால் ஏறியவர்களின் மரபணுவைத்தான் அதுவரை பலரும் துருவிக்கொண்டிருந்தார்கள். ஹாப்ஸும் அவருடைய சகா ஜோனதன் கோஹனும் எல்டிஎல் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருப்பவர்களைத் தேடிப் போனார்கள். 2000-இல் தொடங்கிய டாலஸ் இதய ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர் என்பது பிற்பாடு பெரிய உதவியாக இருந்தது.

சரி, எல்டிஎல் ரத்தத்திலிருந்து எப்படித்தான் வெளியேறுகிறது? கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு பரிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் மிதந்து வரும் ஒரு எல்டிஎல் துகளை ஏற்றிக்கொண்டு செல்லுக்குள் போகும், அங்கே அமிலத்தன்மை உள்ள ஒரு சின்னப் பையில் சுமையை இறக்கிவிட்டு, சுமார் 10 நிமிடத்தில் வெறும் பரிசலாக மேலே திரும்பி வந்து அடுத்த துகளுக்குக் காத்திருக்கும். இப்படி நூறு தடவைக்கு மேல் போய்வரும்.

பிசிஎஸ்கே9 என்ற புரதம் இதில்தான் குறுக்கே வருகிறது. அதைச் சுரப்பதும் அதே கல்லீரல்தான் என்பது வேடிக்கை. அது ஏற்பியில் ஒட்டிக்கொண்டுவிட்டால் அமிலப் பையிலும் பிடியை விடாது, இன்னும் இறுக்கும். பரிசலால் திரும்ப முடியாது, சுமையோடு சேர்ந்து செரிமானக் கிடங்குக்குள் போய்ச் சிதைந்துவிடும். அதாவது பிசிஎஸ்கே9 கூடினால் பரிசல்கள் குறையும், ரத்தத்தில் எல்டிஎல் தேங்கும். 2003-இல் பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில் கண்டது இதைத்தான்: அந்தப் புரதத்துக்கான மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தது, கொலஸ்ட்ராலும் எகிறியது.

அப்படியென்றால் அது வேலையே செய்யாவிட்டால்? ஹாப்ஸ் குழு கேட்டது அந்தக் கேள்வியை. கறுப்பினத்தவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கு இந்த மரபணுவின் ஒரு பிரதி முடங்கியிருந்தது. 14 என்று வந்த பெண்ணுக்கு, அம்மாவிடமிருந்து வந்ததும் அப்பாவிடமிருந்து வந்ததும் இரண்டுமே முடக்கம்.

2006-இல் வந்த முடிவுதான் என்னை அசத்தியது. வேறொரு பெரிய ஆய்வில் 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட கறுப்பினத்தவர்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரதி முடங்கியவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்போ 88 சதவீதம் குறைவு! இத்தனைக்கும் அவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, சிகரெட் பிடித்தவர்களும் இருந்தார்கள்.

செல்லில் கொலஸ்ட்ரால் தயாராவதைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஏன் ஓரளவுக்கு மேல் எடுபடுவதில்லை என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்தால் புதுப் பரிசல் கட்டச் சொல்லி உத்தரவு போகும், ஆனால் அதே உத்தரவு பிசிஎஸ்கே9-ஐயும் கூட்டச் சொல்லும். மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் போலத்தான் இறங்கும்.

மருந்து கம்பெனிகள் சும்மா இருக்குமா? அந்தப் புரதத்தையே பிடித்து முடக்கும் ஊசிகளுக்கு 2015-இல் அனுமதி கிடைத்தது. அப்புறம் 2017-இல், ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுத்துக்கொண்டிருந்த 27,564 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களுக்கு எல்டிஎல் 59 சதவீதம் சரிந்தது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன. எல்டிஎல் இரண்டு மடங்கு இறங்கியும் பலன் அந்த 88-க்குப் பக்கத்தில்கூட வரவில்லையே என்று தோன்றும். கணக்கில் பிழை இல்லை. சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினர், ரத்தக்குழாய்ச் சுவரில் பல பத்தாண்டுக் கொழுப்பு ஏற்கெனவே படிந்தாயிற்று, ஊசியின் கீழ் கழிந்ததோ சுமார் இரண்டே கால் ஆண்டு. மரபணுப் பிரதி முடங்கியவர்களுக்கோ குறைந்த எல்டிஎல் பிறந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.