நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி

செயலிகளைப் பயன்படுத்துகிறவர்களிடம் பேசி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டு சொல்வது என் தொழில். மதுரை முனிச்சாலைப் பக்கம், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் ஓர் அம்மாவிடம் கூலிக் கணக்குச் செயலி ஒன்றைக் கொடுத்தேன். "நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ கேட்டார். நான்கு விநாடிதான்.

அன்றிரவு ஒலிப்பதிவை எழுத்தாக்கிச் சுருக்கித் தரும்படி செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்தேன். அந்த நான்கு விநாடிக்கு நேரே, "எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது" என்று சுத்தமான தமிழில் வந்தது. சுருக்கத்தில் 'முழுத் திருப்தி' என்றும் போட்டிருந்தது. சௌராஷ்டிரம் பேசும் நண்பரிடம் போட்டுக் காட்டினேன். "இதைத் தொட்டால் பணம் போய்விடுமா?" என்றுதான் அந்த அம்மா கேட்டிருக்கிறார். ஆய்வின் விடையே அந்தப் பயம்தான்.

இந்தக் கருவிகள் 'தெரியாது' என்று சொல்வது அரிது. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே எழுதுகின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-ல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவி, யாரும் பேசாத இடத்தில்கூடச் சில நேரம் வாக்கியம் புனையும். அதன் மொழிப் பட்டியலில் சௌராஷ்டிரமும் இல்லை. அந்த மொழிக்குத் தனி எழுத்து உண்டு, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் 2008-லேயே ஏறிவிட்டது. ஆனால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் அதற்கு இடமில்லை.

தமிழிலேயே கோட்டை விடுவது இன்னொரு வகை. 'நன்றாகத்தான்' என்பதில் அந்தத் 'தான்' எவ்வளவு பேசுகிறது! பின்னால் ஒரு 'ஆனால்' காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். கருவி அதைப் பாராட்டு என்று எண்ணிக்கொள்கிறது. 'பார்க்கலாம்' என்று இழுத்துச் சொன்னால் வேண்டாம் என்று பொருள். அதையும் ஆர்வக் கணக்கில் சேர்த்துவிடும்.

கருவியை நான் விட்டுவிடவில்லை. அரை நாள் எழுத்து வேலையை டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுகிறது. ஆனால் மொழி மாறும் நிமிடத்தை அங்கேயே நோட்டில் குறித்துக்கொள்கிறேன். அந்த இடங்களை மொழி தெரிந்தவர் காதால் கேட்காமல் அறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதில்லை.

குரலைப் பதிவு செய்ய ஒப்புதல் கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அந்த 22 மொழிகளிலோ படிக்க வழி செய்யச் சொல்கிறது. அந்த வீட்டுக்கு அது போதாது. மறுமுறை போனபோது, குரல் வேறொரு நிறுவனத்தின் கணினிக்குப் போகும் என்பதை மகளையே அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். கேட்டுவிட்டு, பதிவை நிறுத்திவிட்டுப் பேசலாமா என்றார். நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தேன். ஒரு மணி நேரம் பேசினார்.