குறியியலா, குறியீட்டியலா?

ஒன்று இன்னொன்றை எப்படிக் குறிக்கிறது என்று ஆராயும் செமியாடிக்ஸ் என்ற துறைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழக்கத்தில் உள்ளன: குறியியல், குறியீட்டியல். இரண்டும் ஒன்றுதானே என்று ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதுபவர்களும் உண்டு. என் ஓட்டு முதலாவதற்கு. இரண்டாவதில் இருக்கும் அந்த 'ஈடு'தான் இடிக்கிறது.

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் 'செமெயோன்' என்றால் அடையாளம், குறி. 'செமா' என்பதும் அதே குடும்பம். பழைய ரயில் நிலையங்களில் கை ஏறி இறங்கிய செமாஃபோர் அங்கிருந்து வந்ததுதான். குறியைச் சுமப்பது என்று பொருள். நம்மவர்கள் அதைக் கைகாட்டி என்று சொல்லி வேலையை முடித்துவிட்டார்கள். செமான்டிக்ஸுக்கும் இதே வேர். ஆனால் அது பெரும்பாலும் மொழியின் பொருளோடு நின்றுவிடும், தமிழில் பொருண்மையியல். செமியாடிக்ஸுக்கு அந்த வேலி கிடையாது. சிக்னல் விளக்கு, நெற்றியில் திருநீறு, தேர்தல் சின்னம், கவிதையில் வரும் கருப்பொருள் என எது எதைக் குறித்தாலும் அதன் கணக்கில் சேரும்.

இந்தச் சொல்லை வெகுகாலம் வைத்திருந்தவர்கள் மருத்துவர்கள். வெளியே தெரியும் அறிகுறிகளைக் கொண்டு உள்ளே இருக்கும் நோயைப் படிப்பதற்கு ஐரோப்பிய மருத்துவத்தில் இந்தப் பெயர் இருந்தது. தமிழிலும் அதை நோய்க்குறி என்றுதானே சொல்கிறோம்! பிறகு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், 1690 ஆண்டிட்டு அச்சான தன் நூலின் கடைசி அத்தியாயத்தில், அறிவுத்துறைகளை மூன்றாகப் பிரித்து மூன்றாவதற்கு இந்தக் கிரேக்கப் பெயரை வைத்தார். அமெரிக்காவில் தத்துவவாதி சார்லஸ் பியர்ஸ் அதை எடுத்து விரித்தார். ஜெனீவாவில் மொழியியலாளர் சசூர், தன் போக்கில், 'செமியாலஜி' என்ற பெயரில் ஒரு துறை வர வேண்டும் என்று பாடம் நடத்தினார். அவர் 1913இல் இறந்தபின், மாணவர்களின் குறிப்புகளிலிருந்து 1916இல் அது நூலாயிற்று. இரண்டு பெயர்களில் செமியாடிக்ஸ்தான் இன்று பரவலாக நிலைத்திருக்கிறது.

சரி, 'ஈடு'க்கு வருவோம். பியர்ஸ் குறிகளை மூன்றாக வகுத்தார். ஓவியம் போல, தான் குறிக்கும் பொருளை ஒத்திருப்பது ஒன்று. நெருப்புக்குப் புகை, ஆளுக்குக் கால்தடம் என்று பொருளோடு ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. மூன்றாவது, நாமாக வழக்கத்தால் ஏற்றுக்கொண்டது: சிவப்பு என்றால் நில், 'மரம்' என்ற ஒலி என்றால் கண்முன் நிற்கும் மரம். இந்த மூன்றாவதற்குத்தான் குறியீடு என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. குறி, இடு ('இடு' நீண்டுதான் 'ஈடு' ஆகிறது), யாரோ இட்ட குறி. நம் இலக்கணக்காரர்கள் இடுகுறிப்பெயர் என்று சொன்னதும் இந்த 'இடு'வை வைத்துத்தான். புகையை யாரும் இடுவதில்லை, காய்ச்சலையும் இடுவதில்லை. ஆக, குறியீட்டியல் என்றால் மூன்று பங்கில் ஒரு பங்கை மட்டும் வைத்து முழுத் துறைக்கும் பெயர் சூட்டியதாகிவிடும்.

அகப்பொருள் இலக்கணத்தில் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. இரவுக்குறியில், அதாவது காதலர் இரவில் சந்திக்கக் குறித்த இடத்தில், தலைவன் தான் வந்திருப்பதைத் தெரிவிக்க நீரில் கல்லெறிவான், அல்லது பறவைகளைக் கலைத்து ஒலி எழுப்புவான். தலைவி அதைக் கேட்டு வெளியே வருவாள். ஒரு நாள் மரத்துக் காய் தானே நீரில் விழுந்து அதே ஓசை எழுகிறது. அவள் வருகிறாள், யாரும் இல்லை, திரும்பிவிடுகிறாள். அப்புறம் அவன் நிஜமாகவே வந்து கல்லெறியும்போது, இதுவும் காய்தான் என்று அவள் வராமலிருக்கலாம். இதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். தொல்காப்பியக் களவியலிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஓசை ஒன்றுதான். கல் எழுப்பியபோது அது இட்ட குறி. காய் எழுப்பியபோது இட்டவர் எவருமில்லை, ஆனாலும் அவளுக்கு அது குறியாகவே கேட்டது. பொருள் எங்கே பிறக்கிறது, அனுப்புபவரிடமா பெறுபவரிடமா என்று இந்தத் துறையில் கேட்கப்படும் கேள்வி முழுவதும் அந்த ஒரு 'தொப்'பில் அடங்கியிருக்கிறது. அல்லகுறியையும் சேர்த்து அணைக்க 'குறி' என்ற அகலமான சொல்தான் தேவை.

தொல்காப்பியர் 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்று சொல்லும்போதும் வினைச்சொல்லாக நிற்பது 'குறி'தான். அதற்குச் சற்றுப் பின்னேயே, பொருள் வெளிப்படையாகத் தெரிவதும் குறிப்பால் தோன்றுவதும் என இரு வகை என்று பிரிக்கிறார். குறி, குறிப்பு, குறித்தல், நோய்க்குறி, குறி சொல்லுதல், பகற்குறி என்று எத்தனை கிளை! இவ்வளவு பெரிய சொற்குடும்பத்தோடு இணைவது குறியியலுக்குக் கூடுதல் வசதி.

ஒரு தயக்கம் உண்டு என்பது தெரியும். 'குறி' என்றதும் வகுப்பில் கடைசி பெஞ்சில் சிரிப்பு கேட்கும். ஆண்குறி, பெண்குறி என்ற சொற்களிலும் அது பால் அடையாளம் என்ற பொருளில்தான் நிற்கிறது. அந்தச் சிரிப்புக்கு அஞ்சி இரண்டு எழுத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

குறியீடு என்ற சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. கவிதையில் வரும் குறியீட்டுக்கும், கணிதக் குறியீட்டுக்கும் அது இருக்கட்டும். சிக்னிஃபையர், சிக்னிஃபைடு என்ற சசூரின் இணைச்சொற்களுக்குக் குறிப்பான், குறிப்பீடு என்று எழுதுகிறார்கள். புதிதாகப் படிப்பவருக்கு எது எது என்று சட்டெனப் பிடிபடுவதில்லை. குறிப்பது, குறிக்கப்படுவது என்று நேராக எழுதினால் குழப்பம் குறையும்.