தூணில் விரல் நுழைகிறதென்றால்

யாழ்ப்பாணத்தில் ஏறிப் பழகப் பாறை கிடையாது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதைப் பார்ப்பதென்றால் கிணற்றுக்குள்தான் எட்டிப் பார்க்க வேண்டும். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலை அந்தக் கல்லைத்தான் தோண்டி அரைத்தது. 1990இல் யுத்தத்தோடு நின்றுபோனது. கொங்கிறீற்றுக்குப் போடும் கருங்கல் சல்லிகூட வன்னிப் பக்கமிருந்து லொறியில் வர வேண்டியிருக்கிறது. ஆகவே பாறை வெடிப்புக்குள் கையையும் விரலையும் விட்டு ஏறுகிற வெடிப்பேற்றத்தை யூரியூப்பில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிற எங்கள் பெடியள் கடைசியில் வந்து நிற்பது கொங்கிறீற்றுக்கு முன்னால்தான். பாதியில் நின்ற மாடிக் கட்டடம், தண்ணீர்த் தாங்கியின் கால், இரண்டு கட்டடத் தொகுதிகளுக்கு நடுவில் விட்ட நீக்கல் என்று எங்கே கை நுழையும் என்று தேடுகிறார்கள்.

பழைய கட்டடங்களைப் பரிசோதித்து, எது நிற்கும், எதைத் திருத்தலாம், எதை இடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். ஏறுகிறவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. போனும் கையுமாகக் கிடப்பதைவிட ஏறுவது எவ்வளவோ மேல். ஆனால் அவர்கள் கையை நுழைக்கிற இடங்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் இந்த ஏற்றத்தில் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். விளிம்பைப் பிடித்துத் தொங்குவதல்ல இது. கையை நீட்டி வெடிப்புக்குள் விட்டு, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்குவார்கள். மடக்கியதும் பெருவிரலடிச் சதை உப்பும். விரல் நுனிகளும் பெருவிரலடியும் ஒரு பக்கச் சுவரையும், புறங்கை மற்றப் பக்கத்தையும் அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் முழு உடம்பும் நிற்கிறது. விரலை மட்டும் விடுவதற்கு 20, 25 மில்லிமீற்றர் போதும். கைக்கு 50 சுற்றி வேண்டும். பொத்திய கைக்கு 75க்கு மேல் போகும். ஆளின் கையைப் பொறுத்து இது கூடிக் குறையும். எனக்கு முக்கியம் திசைதான். பாரம் கீழே இழுக்கிறது, கையோ இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளுகிறது.

2021இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ரொம் ரண்டால், பீற் விற்றேக்கர் என்ற இருவர் எம்5 நெடுஞ்சாலைப் பாலத்தின் அடிப்பக்க நீக்கலில் ஏறத்தாழ 760 மீற்றர் தூரம் தொங்கியபடியே போனார்கள். அங்கே பாலம் தாங்கியதென்றால் இங்கே ஒரு தூண் தாங்காதா என்று கேட்பது இயல்புதான். தாங்கும் தூண்களும் இருக்கின்றன. ஆனால் கட்டும்போதே அளந்து விட்ட நீக்கல் வேறு, கட்டி முடித்த பிறகு தானாக வந்த வெடிப்பு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எதற்குள்ளும் கை போகக்கூடாது.

அளந்து விட்ட நீக்கலைக் கண்டுபிடிப்பது லேசு. தளத்திலிருந்து கூரைவரை ஒரே நேராக, ஒரே அகலத்தில் போகும். வெயிலில் கொங்கிறீற்று நீளும் என்பதற்காக விடுவது அது. 30 மீற்றர் நீளமான தளம், வெப்பம் 20 பாகை ஏறினால் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளும். விடியக்காலையில் லேசாக நுழைந்த விரல் மத்தியானத்தில் இறுகுவதற்குக் காரணம் இதுவும்தான். பலமாக இருந்தாலும் இதுவும் ஏறுவதற்கு நல்ல இடமல்ல. மாடிக் கட்டடங்களில் வழக்கமாக விடுவது 25 மில்லிமீற்றர் அளவு, அதாவது விரல் மட்டும் நுழையும் அளவு. கால் வழுக்கினால் உடம்பு கீழே போகும், விரல் உள்ளேயே நிற்கும். பலகை அடைத்து வார்த்த விளிம்பு கத்திபோலக் கூராக இருக்கும். உள்ளே பழைய ரிஜிபோம், காய்ந்த தார், குளவிக்கூடு, தேள் எல்லாம் இருக்கும். சில இடங்களில், வசதியாக இருக்கிறதே என்று, கரண்ட் வயரையும் அதற்குள்ளால் இழுத்திருப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தானாக வந்த வெடிப்புத்தான் ஆபத்து. கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சீமெந்தின் காரத்தன்மை. உப்பு உள்ளே போனால் அந்தப் பாதுகாப்பு கம்பியின் மேல் அங்கங்கே அறுந்துபோகும். எங்கள் ஊரில் உப்பு வர வழியா இல்லை? கடற்காற்றில் வரும், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் வரும், கழுவாத கடல்மணல் போட்டால் வரும். துருவாக மாறிய இரும்பு பழைய அளவைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். கொங்கிறீற்று நசுக்குவதைத் தாங்கும் அளவில் பத்திலொரு பங்குதான் இழுவையைத் தாங்கும். ஆகவே கம்பி உள்ளிருந்து தள்ளத் தள்ள, கம்பி போகிற வழியே, தூணின் மூலையை ஒட்டி நெடுக வெடிக்கும். மயிரிழையாகத் தொடங்கி வருடக்கணக்கில் அகன்று, விரல் போகிற அளவுக்கு வரும்.

விரல் போகிறதென்றால் அந்தக் கொங்கிறீற்று ஏற்கெனவே கம்பியைவிட்டுக் கழன்றுவிட்டது. கடற்கரைப் பக்கத்தில் ஒரு வீட்டின் போர்டிக்கோத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, கோட்டின் அடியில் தேத்தண்ணீர் நிறத்தில் கறை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தால் நல்ல இடத்தில் 'ணங்' என்று கேட்கும். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் 'டொப்' என்று அமர்ந்துபோகும். அந்த 'டொப்' கேட்கிற இடமெல்லாம் வெறும் ஓடு. நெம்பினால் உள்ளங்கையளவு துண்டு கையோடு வரும். அதன் உள்பக்கத்தில் கம்பியின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். துரு தகடுதகடாக உதிரும்.

அந்த ஓடு இதுவரை விழாமல் நின்றது உராய்வாலும் மேலே பூசிய பூச்சாலும். அது விழப் பார்க்கிற திசையும் உங்கள் கை தள்ளுகிற திசையும் ஒன்றுதான். ஒரு மீற்றர் நீளம், 150 மில்லிமீற்றர் அகலம், 40 மில்லிமீற்றர் தடிப்பு உள்ள துண்டு 14 கிலோவுக்கு மேல் பாரம். அது உங்களோடு சேர்ந்து, கீழே நின்று வீடியோ எடுக்கிற நண்பனின் தலையில் விழும்.

கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சான் கொண்டுவந்து தந்த ஸ்பிரிங் கேம் (வெடிப்புக்குள் விரிந்து இறுகிக் கயிற்றைப் பிடிக்கும் கருவி) இருக்கிறது, கயிறும் இருக்கிறது, விழுந்தாலும் பிடிக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேம், தன்மேல் வரும் பாரத்தை ஒவ்வொரு பக்கச் சுவரிலும் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தள்ளும். விழும்போது 500 கிலோப் பாரத்துக்குச் சமமான இழுவை வந்தால், பக்கத்துக்கு 1,000 கிலோ. கருங்கல் மலை இதைப் பொருட்படுத்தாது. நாலு சென்ரிமீற்றர் தடிப்பான ஓடு என்ன செய்யும்? தூணைச் சுற்றிக் கயிறு கட்டினால் பரவாயில்லை என்பேன், அதுவும் தூண் நல்லதாக இருந்தால்.

யுத்தத்தில் அடிபட்ட கட்டடங்களில் இந்தப் பார்வைப் பரிசோதனைகூடப் போதாது. செல் பட்ட ஓட்டையைச் சீமெந்தால் அடைத்து, பூசி, பெயின்றும் அடித்துவிட்டால் என் போன்றவர்களுக்கே வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. கைவிடப்பட்ட கட்டடத்தின் இடிபாட்டுக்குள் கையை விடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். வெடிக்காத பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள். யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முருகைக்கல் சுவர் அது, தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பது.

அப்படியென்றால் எங்கே பழகுவது? மேலே சொன்ன ரண்டாலும் விற்றேக்கரும் பழகியது ஷெஃபீல்டில் ஒரு வீட்டு நிலவறையில், மரத்தால் செய்த வெடிப்புகளில். அப்படிப் பழகித்தான் 2011இல் அமெரிக்காவின் யூற்றாவில் உள்ள செஞ்சுரி கிராக் என்ற பாறை வெடிப்பை ஏறினார்கள். தடித்த பலகை இரண்டு, நெடும் போல்ற்றுகள், இடையில் வைக்க மரக்கட்டைகள் போதும். கட்டையை மாற்றினால் இடைவெளி மாறும். இடுப்பளவு உயரத்தில் கிடையாகப் பொருத்தி, கீழே பழைய மெத்தையைப் போட்டால், விழுந்தாலும் முதுகில் தூசிதான் ஒட்டும். பலகை வேம்பாக இருக்கட்டும், மலைவேம்பாக இருக்கட்டும், நன்றாகச் சீவி உரஞ்ச வேண்டும். பனஞ்சிலாகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன் சிராய் தோலுக்குள் ஏறினால் எடுப்பதற்குள் அழுதுவிடுவீர்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. "பெடியள் ஏறித் தூணை உடைச்சுப் போட்டாங்கள்" என்று சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. உடைந்து விழுந்தது ஏற்கெனவே கழன்றிருந்த ஓடுதான். அதன்மேல் கலவை பூசி மறைத்தால் துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். இரண்டொரு மாரிக்குள் அதே இடம் மறுபடி வெடிக்கும். கழன்றதையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை போய், துருவைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் பூச்சும் திருத்தக் கலவையும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். தூணைக் கொத்தத் தொடங்கும் முன் மேலே உள்ள பாரத்துக்கு முட்டுக் கொடுப்பது கட்டாயம். "அதெல்லாம் தேவையில்லை ஐயா" என்று மேசன் சொல்வார். முட்டு வந்து நிற்கும்வரை உளியை எடுக்க விடாதீர்கள்.