காசு பத்து சென்ட், விலையெல்லாம் பெட்டிக்கு

அமெரிக்காவின் பத்து சென்ட் காசில் பெரும்பாலும் முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் முகம் இருக்கும். எடை இரண்டேகால் கிராம், குறுக்களவு 18 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1965-ஆம் ஆண்டுக் காசுகளிலிருந்து அதில் வெள்ளியும் கிடையாது. நடுவில் செம்பு, இரு பக்கமும் செம்பு-நிக்கல் கலவைத் தகடு, அவ்வளவுதான். கடையில் நீட்டினால் பத்து சென்ட்டுக்கு மேல் யாரும் தர மாட்டார்கள்.

அதே காசு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல்பக்கச் சீட்டில், காசின் தரத்தைக் குறிக்கும் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'சாம்பிள்' என்று அச்சடித்திருக்கிறது. இப்போது இதற்குப் பத்து, இருபது டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. அரிதான வகை என்றால் நூற்றுக்கணக்கான டாலர் வரை போகும். ஒரு காலத்தில் நாணயக் கண்காட்சிகளில் சும்மா கொடுத்த விளம்பரப் பொருள் இது. இன்று இதை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது காசை அல்ல என்பது தெளிவு. அப்படியானால் எதை?

அதற்கு முதலில் பெட்டி ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரே ஆண்டில் ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில், ஒன்று கீறலில்லாமல் பளபளவென்றும் மற்றொன்று தேய்ந்தும் இருந்தால், விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும். இந்த வித்தியாசத்தை அளக்க வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். தொழிலால் உளவியலாளரான அவர், அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசுகளுக்காக அதை வகுத்தார். மிக மோசமான நிலையில் உள்ள காசுக்கு 1, குறையே இல்லாததற்கு 70. அதாவது, சிறந்த காசு மோசமானதைப் போல் 70 மடங்கு விலை பெறும் என்பது அன்றைய கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. 1 முதல் 70 வரையிலான எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

ஆனால் எண்ணைச் சொல்வது யார்? விற்பவர் 65 என்பார், வாங்குபவர் 62 என்பார். இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆள் தேவைப்பட்டார். 1970-களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் காசைச் சோதித்து, புகைப்படத்துடன் சான்றிதழ் தரத் தொடங்கியது. நல்ல முயற்சிதான், ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. சான்றிதழ் ஒரு பக்கம், காசு ஒரு பக்கம். நல்ல காசுக்கு வாங்கிய சான்றிதழோடு வேறொரு சுமாரான காசை வைத்து விற்பவரைத் தடுக்க முடியவில்லை.

1985-இல் டேவிட் ஹால் உள்ளிட்ட நாணய வணிகர்கள் சிலர் பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கி, 1986 பிப்ரவரி முதல் காசுகளுக்குத் தரம் போட ஆரம்பித்தார்கள். காசையும் தரச்சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உடைத்தால் ஒழியத் திறக்க முடியாதபடி மூடிவிட்டார்கள். 1987-இல் ஜான் அல்பனீஸ் தொடங்கிய என்.ஜி.சி. என்ற தரம் போடும் நிறுவனமும் இதே வழியில் வந்தது. சேகரிப்பாளர்கள் இந்தப் பெட்டியை 'ஸ்லாப்' என்கிறார்கள். நம் ஊரில் முக்கியமான உறைகளுக்கு அரக்கு வைத்து முத்திரை குத்துவார்களே, அதே வேலையைத்தான் இது செய்கிறது. திறக்கக்கூடாது என்பதை விட, திறந்தால் தெரிந்துவிட வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த மூடல் எப்படி நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பசை கிடையாது, திருகாணி கிடையாது. ஒலியால் ஒட்டுகிறார்கள். பெட்டிக்கு இரண்டு பாதிகள். இப்படி ஒட்டும் பொருள்களில், ஒரு பாதியின் விளிம்பைச் சுற்றி வயல் வரப்பு போல மெல்லிய, கூரான மேடு ஒன்றை வார்ப்பிலேயே விட்டுவிடுவார்கள். மற்ற பாதியை அதன்மேல் வைத்து, ஓர் உலோகக் கொம்பால் அழுத்தி, அந்தக் கொம்பை நொடிக்கு 20,000 தடவை அல்லது அதற்கும் மேல் அதிரச் செய்வார்கள். மனிதக் காதின் எல்லையைத் தொடும் வேகம் அது. அதிர்வின் வீச்சு ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூட இருக்காது. ஆனால் அத்தனை அழுத்தமும் அந்த வரப்பின் கூர்முனையில் போய்க் குவிகிறது. முனை உராய்ந்து, உள்ளுக்குள்ளேயே நெளிந்து நெளிந்து சூடாகி உருகுகிறது. உருகிய பிளாஸ்டிக் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே பரவுகிறது. அதிர்வை நிறுத்தி இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் இறுகிவிடும். மொத்தமும் ஓரிரு நொடி வேலை. சூடு விளிம்போடு நின்றுவிடுவதால் நடுவில் இருக்கும் காசுக்கு ஒன்றும் ஆகாது.

பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். உருகிய நிலையில் இரு பாதியின் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, கயிறு திரிக்கும்போது தேங்காய் நார்கள் பின்னிக்கொள்வது போலப் பின்னிக்கொள்கின்றன. அப்புறம் எங்கே ஒரு பாதி முடிந்து மறு பாதி தொடங்குகிறது என்றே பிரிக்க முடியாது. வலுவில் பிளந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் ஏராளமாக விழும். ஒவ்வொரு விரிசலும் ஒளியைச் சிதறடிப்பதால், தெளிவாக இருந்த விளிம்பு பால் போல வெளிறிவிடும். கள்ளத்தனமாகத் திறந்து மீண்டும் ஒட்டிய பெட்டியை அந்த வெளிறலே காட்டிக்கொடுக்கும்.

காற்று புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மிக மெதுவாகக் காற்று உள்ளே போகும். அதனால்தான் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காசும் பல ஆண்டுகளில் நிறம் மாறக்கூடும்.

சரி, சாம்பிளுக்கு வருவோம். 1980-களில் இப்படி ஒரு பெட்டி பெரும்பாலோருக்குப் புதிது. காசைக் கையில் எடுத்துப் பார்த்தே பழகியவர்களிடம், அதைப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து வைக்கச் சொன்னால் எப்படி ஒப்புவார்கள்? அதனால் விலை குறைந்த காசு ஒன்றை உள்ளே வைத்து, தரம் போடாமல், மாதிரி என்று அச்சடித்து, வணிகர்களுக்கும் கண்காட்சிக்கு வருபவர்களுக்கும் கொடுத்தார்கள். பிறகு பெட்டியின் வடிவமோ சீட்டின் நிறமோ மாறிய போதெல்லாம் புது மாதிரிகள் வந்தன. சிலவற்றில் கண்காட்சியின் பெயரும் இருக்கும்.

வடிவங்கள் நிறையவே மாறியிருக்கின்றன. பி.சி.ஜி.எஸ்.ஸின் முதல் பெட்டி சிறியது. ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும் என்பதால் அதற்கு 'ராட்லர்' என்றே பெயர். 1990-களில் பச்சைச் சீட்டு, 1998-க்குப் பிறகு நீலம். என்.ஜி.சி.யின் முதல் பெட்டியில் காசைச் சுற்றிக் கறுப்பு உள்தகடு இருந்தது. கொஞ்ச காலத்திலேயே அது வெள்ளையாக மாறியதால், கறுப்புப் பெட்டி இன்று சாதாரணக் காசோடு கிடைத்தாலும் காசின் விலையைப் போல் பல மடங்குக்குப் போகிறது.

பழைய பெட்டிகள் அருகியதற்கு முக்கியக் காரணம் ஆசை. 1980-களில் தரம் போட்டவர்கள் இப்போதையவர்களை விடக் கண்டிப்பானவர்கள் என்று சேகரிப்பாளர்கள் பலர் நம்புகிறார்கள். அன்று 64 வாங்கிய காசு, பெட்டியை உடைத்து மீண்டும் அனுப்பினால் 65 வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சில காசுகளில் அந்த ஓர் எண்ணுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம். இப்படி உடைத்து உடைத்தே பழைய பெட்டிகள் குறைந்தன. சாம்பிள் பெட்டியை இந்த ஆசையில் உடைக்க யாருக்கும் காரணமில்லை. ஆனால் அதைப் பத்திரப்படுத்தவும் காரணமில்லை. பார்த்தார்கள், குப்பையில் போட்டார்கள், குழந்தைகளிடம் கொடுத்தார்கள். தரம் பெற்ற காசுகளுக்கு வரிசை எண் உண்டு, எத்தனைக்குத் தரம் போட்டோம் என்று நிறுவனங்கள் எண்ணிக்கையும் வெளியிடுகின்றன. சாம்பிள்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. எந்த வகை அரிது என்பதைச் சேகரிப்பாளர்களே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆர்வம் கூடியதில் அந்தப் பட்டியல்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தேடிக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே தேடுவோம்!

சாம்பிள்களைத் தேடுவதற்கு இன்னொரு காரணம் போலிகள். 2008 வாக்கில் மோசடிக்காரர்கள் பெட்டியையே போலியாகச் செய்து, உண்மையான காசின் வரிசை எண்ணைச் சீட்டில் அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். இணையத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் சரியாகவே காட்டும். நிறுவனங்களும் விடவில்லை. முப்பரிமாண ஒளிப்படம், நுண்ணெழுத்து என்று சேர்த்துக்கொண்டே போய், 2020-இல் பி.சி.ஜி.எஸ். செல்பேசியால் படிக்கும் மின்னணுச் சில்லையே பெட்டிக்குள் வைத்தது. ஆனால் 1989-இல் மூடிய பெட்டிக்குச் சில்லு எங்கே போவது? அதன் எழுத்துரு, சீட்டின் நிறம், விளிம்பின் வளைவு, ஒட்டிய கோட்டின் அகலம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் வைத்து ஒப்பிட அதே காலத்து அசல் பெட்டி ஒன்று வேண்டும். விலையுயர்ந்த காசு உள்ள பெட்டியை இதற்காக வாங்க முடியாது. சாம்பிள் போதும்.

தபால்தலை சேகரிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, பல நாடுகள் புதுத் தபால்தலை வெளியிட்டபோது, 'ஸ்பெசிமன்' என்று மேலே அச்சடித்த மாதிரிகள் உலகத் தபால் ஒன்றியத்தின் வழியாக மற்ற நாடுகளுக்குப் போயின. அசல் எப்படி இருக்கும் என்று அங்குள்ள அலுவலர்களுக்குத் தெரிவதற்காக. அப்படிப் போன இலங்கைத் தபால்தலைகளைக்கூட இன்று நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவற்றை ஒட்டி ஒரு கடிதம்கூட அனுப்ப முடியாது.

சாம்பிள் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் காசைப் பார்ப்பதற்கு முன் பெட்டியை விளக்கருகே கொண்டுபோய், விளிம்பு கண்ணுக்கு நேரே வரும்படி சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் மெல்லிய கோடாகத் தெரியும். அது எங்காவது வெளிறியிருக்கிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பிறகு பூதக்கண்ணாடியில் சீட்டின் எழுத்துகள். காசை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.