மாநகராட்சிப் பள்ளியில் எதை யாரிடம் கேட்பது? சேலம் பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழு விளக்கம்

சேலம் மாநகராட்சிக்குள் வீடோ கடையோ வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் சொத்துவரியில் கல்வி வரியும் அடக்கம். 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்திலிருந்து வரும் பழைய வரி இது. கட்டிவிட்டு ரசீதை மடித்து வைத்துவிடுகிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பள்ளி விஷயத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகள் கணக்கை மூன்றாகப் பிரித்து வைக்கின்றன: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. கல்வி வரி சேர வேண்டிய இடம் மூன்றாவது. வகுப்பறைக் கூரை ஒழுகினாலும் சுற்றுச்சுவர் சரிந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய பணம் அதுதான். ஆகவே "நிதி இல்லை" என்று பதில் வந்தால், எந்த நிதியில் இல்லை என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து, பள்ளியின் பெயர்ப்பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். 'மாநகராட்சி தொடக்கப்பள்ளி' அல்லது 'மாநகராட்சி நடுநிலைப்பள்ளி' என்று இருந்தால் கட்டடம், கழிப்பறை, குடிநீர், துப்புரவு எல்லாம் மாநகராட்சி பார்க்க வேண்டியவை. ஆசிரியர் நியமனம், மாறுதல், பாடப்புத்தகம், வகுப்பு நடப்பது ஆகியவை பள்ளிக் கல்வித்துறையைச் சேர்ந்தவை. வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கும் மேல் முதன்மைக் கல்வி அலுவலர். 'நிதியுதவி பெறும்' என்று பலகையில் இருந்தால் கதையே வேறு. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். 'ஊராட்சி ஒன்றிய' என்று இருந்தால் மாநகராட்சியிடம் போய்ப் பயனில்லை.

சேலத்தில் 60 வார்டுகள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலங்கள். பள்ளி எந்த வார்டு, எந்த மண்டலம் என்பதைக் குழுவில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலைக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பீடு போடும் உதவிப் பொறியாளர் மண்டல அலுவலகத்தில்தான் இருப்பார். மாமன்றத்தில் கல்விக்கென்று ஒரு நிலைக்குழுவும் உண்டு. வார்டு உறுப்பினர் அதில் இல்லாவிட்டாலும் அதன் தலைவரிடம் மனு கொடுக்கலாம்.

இப்போது குழுவுக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு ஒவ்வொரு அரசு, உள்ளாட்சிப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் கொண்ட குழுவாக மாற்றியமைத்தார்கள். 2024-ல் அது 24 ஆகி, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். தலைவர் பெற்றோர்தான், தலைமை ஆசிரியர் அல்ல. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது தனி அமைப்பு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே நோட்டில் எழுதுவது பின்னால் கணக்குத் தணிக்கையில் இடிக்கும்.

குழுவின் வேலை என்ன? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது. சட்டம் முதன்மையாகச் சொல்வது இந்த மூன்றும்தான். ஆசிரியரைத் திட்டுவதற்கோ, யாருக்குச் சேர்க்கை என்று முடிவு செய்வதற்கோ குழுவுக்கு அதிகாரம் இல்லை.

கூட்டத்துக்கு ஆள் வராததுதான் முதல் சிக்கல். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி ஓட்டுகிறவருக்கும், சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவருக்கும் மதியக் கூட்டம் என்றால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போய்விடும். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் நேரத்தை ஒட்டிக் கூட்டம் வைத்தால் ஆள் சேரும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் வைக்கவே வேண்டாம். வராதவர் வீட்டுக்கே நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர், பிறகு அதில் என்ன எழுதப்பட்டாலும் ஒப்புக்கொண்டவராகிறார். தீர்மானம் எழுதி, உரக்கப் படித்த பிறகே கையெழுத்து.

தீர்மானம் எழுதுவதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. "கழிப்பறை சரியில்லை, ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "மாணவிகள் கழிப்பறை 4-ல் 2-க்குக் கதவு இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் இந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை. 64 மாணவிகள் 2 கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள். கதவு 2, மோட்டார் பழுது, இவற்றுக்கு மதிப்பீடு தயாரிக்கக் கோருகிறோம்." எத்தனை, எங்கே, எப்போதிலிருந்து, யாருக்குப் பாதிப்பு, என்ன வேண்டும், இந்த ஐந்தும் இருந்தால் அந்தத் தாளை வைத்தே மதிப்பீடு போடலாம். தேதி தெரியும்படி இரண்டு படங்கள் இணைத்தால் போதும், இருபது வேண்டாம்.

ஒரு தீர்மானத்தில் ஒரு துறையின் வேலை மட்டும் இருக்கட்டும். கழிப்பறையையும் ஆசிரியர் காலியிடத்தையும் ஒரே தாளில் எழுதினால் மாநகராட்சி அதைக் கல்வித்துறைக்குத் தள்ளும், கல்வித்துறை மாநகராட்சிக்குத் தள்ளும். இரண்டு அலுவலகத்திலும் கோப்பு இருக்கும், வேலை நடந்திருக்காது.

தீர்மானங்களைப் பெற்றோருக்கான டிஎன்செட் செயலியில் ஏற்றுகிறார்கள். நல்லதுதான், கல்வித்துறை அலுவலர்கள் அதைப் பார்ப்பார்கள். மாநகராட்சிப் பொறியாளர் மேசைக்கு அது தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. தலைவரும் தலைமை ஆசிரியரும் கையெழுத்திட்ட நகலைத் தனி மனுவாக ஆணையர் பெயருக்கு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போய் ந.க. எண்ணை, அதாவது உங்கள் மனுவுக்கு அலுவலகம் போட்ட கோப்பு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த முறை போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். மேம்பாட்டுத் திட்டத்தை நிதியாண்டு முடிய குறைந்தது 3 மாதம் முன்பே தயாரிக்க வேண்டும், அதாவது டிசம்பருக்குள். மூன்று ஆண்டுக்கான திட்டம், அதற்குள் ஆண்டுவாரியாக மூன்று சிறு திட்டம். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன கட்டடம், என்ன தளவாடம், எவ்வளவு பணம் என்று அதில் இருக்க வேண்டும். மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் ஏப்ரலுக்கு முன் போட்டாக வேண்டும் என்பதால், டிசம்பரில் போய்ச் சேர்ந்த கோரிக்கைக்கு இடம் கிடைக்கலாம். ஜூனில் பள்ளி திறந்த பிறகு கொடுத்தது அடுத்த ஆண்டுக்குத்தான். பெரிய பழுதுபார்ப்பை ஏப்ரல், மே விடுமுறையில் முடிக்க வேண்டுமானால் மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பள்ளியின் கைக்கு நேராக வரும் பணம் ஒன்று உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் அது. விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. சுண்ணாம்பு அடிக்க, குழாய் மாற்ற, மின்விசிறி பழுது பார்க்க, கரும்பலகைக்கு வண்ணம் பூச இது உதவும். புது வகுப்பறை கட்டவோ சுற்றுச்சுவர் எழுப்பவோ இதைத் தொடக் கூடாது. பணம் பள்ளிக் கணக்கில் வந்து கிடக்காது. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு மட்டும் தெரியும், மார்ச் முடிந்ததும் மீதி போய்விடும். ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவு செய்து, துண்டுச் சீட்டை ரசீதாக வைத்துச் சிக்கிக்கொள்வது இதனால்தான். என்ன வாங்குவது என்ற தீர்மானத்தையும் விலைப்புள்ளியையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் வரம்பு வந்த வாரமே முடித்துவிடலாம். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. இந்த மானியத்தை மட்டுமே நம்பி ஆண்டுத் திட்டம் போடுவது சரியல்ல. நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் பொருளோ பணமோ தர விரும்பினால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகத் தரச் சொல்லுங்கள். கையில் ரொக்கம் வாங்க வேண்டாம்.

ஆசிரியர் எண்ணிக்கை கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் தெளிவாக இருக்கிறது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5; 150-ஐத் தாண்டினால் 5 பேரோடு ஒரு தலைமை ஆசிரியர். 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஒருவர், 100-க்கு மேல் முழுநேரத் தலைமை ஆசிரியர். தமிழ்நாட்டில் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. வகுப்புகளில் மொத்தம் 122 பேர் உட்கார்ந்திருந்து, கல்வித்துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸில் 118 பேர்தான் என்றால் ஐந்தாவது பணியிடத்தைக் கேட்க ஆதாரம் இல்லை. பழைய பள்ளி எமிஸிலிருந்து விடுவிக்காத பிள்ளை, பட்டறை வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளை, இவர்கள்தான் பதிவில் விடுபடுவார்கள். ஜூலைக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதையோ வயதுச் சான்று இல்லாததையோ காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. சட்டத்தின் 5, 14-ஆவது பிரிவுகள் அதைச் சொல்கின்றன.

எல்லாம் செய்தும் அசையாவிட்டால்? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள்: கடந்த இரண்டு நிதியாண்டில் வசூலான கல்வி வரி எவ்வளவு, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எந்தெந்தப் பள்ளிக்கு என்ன செலவு, நம் மனுவின் ந.க. எண்ணில் எடுத்த நடவடிக்கை என்ன. 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது எளிது, ஆவணம் கேட்பதைத் தட்டுவது கடினம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில், பிள்ளையின் உரிமை பற்றிய எழுத்துப் புகாரை உள்ளாட்சி அமைப்பு 3 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. அடி, அவமதிப்பு போன்ற புகார்களுக்குக் குழுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1098 அல்லது 14417-ஐ உடனே அழைக்கலாம்.

மலை ஏறி ஏற்காடு போனால் இதில் பல மாறும். அங்கே உள்ளவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும். முதல் வகைக்குக் கட்டட மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, இரண்டாவதற்கு அந்தத் துறைக்கு. சேலம் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்ததால், மக்கள் பிரதிநிதி ஒருவரைப் பிடித்துக் காரியம் முடிக்கும் வழியும் அப்போது அடைபட்டது. தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்ற விதியும் சேர்வராயன் மலைக் கிராமங்களில் அப்படியே பொருந்துவதில்லை. தூரத்துப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, வழித்துணைப்படி உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை விதி அனுமதிக்கிறது. அதற்கான பெயர்ப்பட்டியலைக் குழு தயாரிக்கும்போது தூரத்தைப் பிள்ளை நடக்கும் பாதை வழியாக அளந்து எழுத வேண்டும். செல்பேசி வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் ஓடைக்கு எதிர்ப்புறத்துக் கிராமம் அரைக் கிலோமீட்டர் என்று காட்டும். சுற்றிவரும் தடம் மூன்று கிலோமீட்டர் இருக்கலாம். பட்டியலில் அந்தத் தடத்தின் பெயரையும், மழைக்காலத்தில் அது மூடுமா என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.